பிடியடி மாமி

பீலெஃபெல்ட்
4 யூன் 2025

அன்புள்ள பிறேமா,

நான் கடலில் விழவில்லை. அதை முதலில் எழுதிவிட்டுப் பிறகு உம்முடைய சுகத்தை விசாரிக்கிறேன்.

பேசாலையில் என்னைப் பற்றிக் கிளம்பிய கதை ரொறொன்றோவுக்குப் போய், லண்டனுக்குப் போய், கடைசியில் பீலெஃபெல்ட்டில் எனக்கே வந்து சேர்ந்தது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மருமகள் உங்களை இழுத்துக்கொண்டு போய்க் கடலுக்க தள்ளிவிட்டவவாம். மெய்யோ?" என்று கேட்டாள். கையில் செபமாலை வேறு. "தொட்டுப் பாரும், ஈரம் இருக்கிறதா என்று" என்றேன். தொட்டும் பார்த்தாள்.

என்னை ஒருவரும் இழுக்கவில்லை, ஒருவரும் தள்ளவில்லை. உம்முடைய அண்ணர் காலமாகி ஒரு வருடம், ஏப்ரலில் வருடப் பூசை ஒப்புக்கொடுத்தோம். அடுத்த மாதம் பத்தாந் திகதி சனிக்கிழமை, மகன் டெனிஸ்டனோடும் மருமகள் சயந்தினியோடும் ஜேர்மனியின் வடகரையில் உள்ள பேமார்ன் தீவுக்குப் போனேன். அங்கே துறைமுகத்தில் உம்முடைய அண்ணரும் சயந்தினியும் சேர்ந்து வாங்கிய சின்னப் படகு நிற்கிறது. மதியம் கடந்த பின் அதில் ஏறிக் கடலுக்குப் போய் மீன் பிடித்தேன். 'வருகிறேன்' என்று கேட்டு ஏறியது நான்தான். விடுமுறைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற மீன்பிடி அனுமதியை என் சொந்தப் பெயரில் எடுத்திருந்தேன். சட்டப்படியும் நான் சரி.

சயந்தினி இந்த ஊரில் ட்ராம் ஓட்டுகிறவள். ஓடி வருகிற கிழவிகளுக்காகக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்று, பிந்தியதற்காகப் பேச்சு வாங்குகிறவள். அவளா மனிதரைத் தள்ளப்போகிறாள்?

உமக்கு முழங்கால் நோ எப்படி? சித்தாலேப எண்ணெய் பூசுகிறீரா? எனக்கு இரத்த அழுத்தம் சற்று உண்டு, மற்றபடி ஆண்டவருக்கு நன்றி சொல்லும்படியாகவே இருக்கிறேன்.

இந்தக் கதையை உமக்கு யார் சொன்னது என்று எழுதவும். தொலைபேசியில் சொல்ல வேண்டாம், குரல் பதிவும் அனுப்ப வேண்டாம். வாயால் போன கதை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துவிட்டோம்.

அன்புடன்,
மச்சாள் பிளோறன்ஸ்


பேசாலை
29 யூன் 2025

என் அன்பு மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்தைக் கண்டதும் பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி எழும்பி நின்று வாசித்தேன். விழவில்லை என்று அறிந்து மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.

யார் சொன்னது என்று கேட்டீர்கள். வேறு யார், உங்கள் மகன்தான். டெனிஸ்டன் தம்பி எனக்கு அனுப்பிய குரல் பதிவில், "மாமி, சயந்தினி அம்மாவை ஷ்லெப்பன் கூட்டிக்கொண்டு போனவ" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. இங்கே மரியதாஸ் அண்ணை இருக்கிறார், ஜேர்மனியில் போஹும் என்ற ஊரில் நாலு வருடம் இருந்து திரும்பி வந்தவர். அவரைக் கூப்பிட்டுக் கேட்கப் பண்ணினேன். அவர் மூன்று தரம் கேட்டுவிட்டு, "ஷ்லெப்பன் எண்டா இழுக்கிறது, தங்கச்சி. மூட்டையைத் தரதரவெண்டு இழுக்கிறமே, அந்த இழுவை" என்றார். பிறகு டெனிஸ்டன் தம்பி ஒரு படமும் அனுப்பினார். அதில் உங்கள் கழுத்தைச் சுற்றி மஞ்சள் காற்றுப்பை ஊதிக்கொண்டு நிற்கிறது. தண்ணீரில் விழுந்தால்தான் அது ஊதும் என்று மரியதாஸ் அண்ணை சொன்னார். உங்கள் கண்ணும் சிவந்திருந்தது. நான் வேறு என்ன நினைக்க?

எப்படியோ, மச்சாள், அந்தக் குளிரில் நீங்கள் இனி இருக்க வேண்டுமா? அண்ணையும் இல்லை. இங்கே வீடு பெரிது. கிணற்றடிப் பக்கத்து அறை சும்மாதான் கிடக்கிறது. வந்து இருங்கள். யோசித்து எழுதுங்கள்.

முழங்கால் அப்படியே. மழை இல்லை.

இப்படிக்கு உங்கள்
பிறேமா


பீலெஃபெல்ட்
20 யூலை 2025

அன்புள்ள பிறேமா,

நலமாக இருப்பீர் என்று நம்புகிறேன். இங்கே இப்போதுதான் வெயில் வந்திருக்கிறது. மனிதர் எல்லாரும் பால்கனியில் காய்கிறார்கள்.

மரியதாஸ் சொன்ன பொருள் அகராதிப்படி சரி. கடலுக்குப் பிழை. படகை மெதுவாக ஓட்டிக்கொண்டு, தூண்டில் நூலைப் பின்னால் வெகுதூரம் விட்டு இழுத்துச் செல்வார்கள். மின்னுகிற தகட்டைச் சின்ன மீன் என்று நம்பிப் பெரிய மீன் துரத்தி வந்து கவ்வும். அந்த முறைக்குத்தான் இங்கே ஷ்லெப்பன் என்று பெயர். இழுபட்டது தகடு. நான் இருக்கையில் இருந்தேன். தன்னுடைய தகப்பன் எந்தக் கடலில் பிறந்தவர் என்று தெரிந்த என் மகனுக்கு அதற்கு ஒரு தமிழ்ச் சொல் வாயில் வரவில்லை, அதனால் வந்த வினை இவ்வளவும்.

காற்றுப்பை என்பது உயிர்காப்புச் சட்டை. அதில் ஒரு சிவப்புக் குமிழ் தொங்கும், இழுத்தால் ஊதிவிடும். மீன் தூண்டில் தடியை வளைத்த அவசரத்தில் தடியின் அடிப்பாகம் குமிழில் மாட்டி இழுத்துவிட்டது. கண் சிவந்தது உப்புத் தண்ணீர் தெறித்ததால்.

சயந்தினியைப் பற்றி உமக்கு நல்ல எண்ணம் வரவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். படகு ஓட்டுகிற பத்திரத்தை அவள் பரீட்சை எழுதி எடுத்தாள். உம்முடைய அண்ணர் ஒவ்வொரு மே மாதமும் அவளோடுதான் போவார். அங்கே கடுகுப் பூப்போல ஒரு பயிர் தீவு முழுவதும் மஞ்சளாகப் பூக்கும் காலத்தில்தான் முரல் கரைக்கு வரும் என்பார். ஓம், நம்முடைய முரல்தான். அதே ஊசி மூக்கு, முள்ளு மட்டும் பச்சை நிறம். நான் ஒருநாளும் கூடப் போகவில்லை. எனக்குப் படகு பிடிக்காது, அவருக்கும் தெரியும், அதில் எங்களுக்குள் குறை ஒன்றும் இல்லை. அவர் போன பிறகு, அத்தனை வருடம் அங்கே எதைப் பார்த்தார் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. சயந்தினி ஏன் என்று கேட்கவில்லை. அவருடைய மழைச்சட்டையை எடுத்துத் தந்து, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, "அந்தப் பலகையில இருங்கோ மாமி, அது மாமாவின்ர இடம்" என்றாள். அப்படிப்பட்ட பிள்ளை.

டெனிஸ்டனிடம் முழு வீடியோவையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நீரே பார்த்துத் தீர்மானியும். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்கவும், காற்று இரைச்சல் அதிகம்.

உம்முடைய அழைப்புக்கு நன்றி. நான் இங்கே சௌகரியமாகவே இருக்கிறேன்.

அன்புடன்,
பிளோறன்ஸ்


பேசாலை
12 ஓகஸ்ட் 2025

அன்பு மச்சாளுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

வீடியோ வந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னீர்கள். நான் முழுதாகக் கூட்டிக் கேட்டேன்.

"பிடியடி மாமி! விட்டிடாதை! தடியைத் தூக்கடி!"

மச்சாள், உங்களை எங்கள் ஐயாவே 'பிள்ளை' என்றுதான் கூப்பிட்டார். அண்ணை கூட ஒரு நாள் உங்களை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு மருமகள் உங்களைப் பார்த்து அடி என்கிறாள், உங்கள் மகன் பக்கத்தில் நின்று படம் பிடிக்கிறான். நீங்கள் கண்ணைத் துடைக்கிறீர்கள். உப்புத் தண்ணீர் என்று எழுதினீர்கள். அந்தக் கடலில் உப்பே காணாது என்று அண்ணை சொல்லிச் சிரிப்பார், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இதுதான் அந்த வீட்டில் உங்களுக்குள்ள மறியாதையா? மறைக்காமல் எழுதுங்கள்.

பிறேமா


பீலெஃபெல்ட்
14 செப்ரெம்பர் 2025

அன்புள்ள பிறேமா,

உம்முடைய கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிறது. கெவெலார் மாதாவிடம் போய் வந்த களைப்பில் பதில் பிந்திவிட்டது. இந்த வருடமும் சனம் குறைவில்லை. உமக்காகவும் ஒரு திரி கொளுத்தினேன். கோயில் முன்றலில் கடலை வடை விற்றார்கள், எண்ணெய் அதிகம்.

பிடித்த மீனைப் பற்றி நீர் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். வெள்ளி உடம்பில் கறுப்புப் புள்ளி, என் முழங்கையிலிருந்து விரல் நுனி தாண்டிய நீளம். இங்கே அதைப் பிடிக்க மனிதர் வருடக்கணக்காய் அலைவார்களாம். வெட்டிப் பாதியைப் பொரித்தேன், பாதியைப் பால்சொதி வைத்தேன். சயந்தினி வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தொடமாட்டாள், நான் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடமாட்டேன், ஆகவே எங்கள் வீட்டில் வெள்ளி மரக்கறிதான், யாருக்கும் சண்டையில்லை. இது சனிக்கிழமை மீன். இரண்டு பேரும் தலையைப் பங்குபோட்டோம். டெனிஸ்டன் அன்று சோறே சாப்பிடவில்லை, நிலம் இன்னும் ஆடுகிறது என்றான்.

மரியாதை என்ற சொல்லுக்குச் சின்ன 'ரி' போட வேண்டும். நீர் 'றி' போட்டிருக்கிறீர்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் பிடிக்கவும்.

அன்புடன்,
பிளோறன்ஸ்


பேசாலை
3 ஒக்ரோபர் 2025

மச்சாளுக்கு,

எழுத்துப் பிழையைத் திருத்தினீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதவில்லை. அதிலிருந்தே எனக்கு விளங்கிவிட்டது.

நான் டெனிஸ்டனுக்கு நேரே எழுதிவிட்டேன். என் அண்ணன் பெண்சாதியை அடி என்று கூப்பிடுகிற வீட்டில் வைத்திருக்க வேண்டாம், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் என்னிடம் அனுப்பிவிடுங்கள் என்று. பங்குச் சுவாமியிடமும் சொல்லியிருக்கிறேன். அறைக்கு வெள்ளையடித்து, யன்னலுக்குப் புதுத் திரைச்சேலை போட்டிருக்கிறேன். வீடு பெரிது. உங்கள் புத்தகங்கள் எல்லாம் வைக்கலாம்.

கோபிக்க வேண்டாம். உங்கள் நல்லதுக்குத்தான்.

பிறேமா


பீலெஃபெல்ட்
26 ஒக்ரோபர் 2025

அன்புள்ள பிறேமா,

நீர் டெனிஸ்டனுக்கு எழுதிய கடிதத்தை முதலில் பிரித்தவள் சயந்தினி. வேலையால் வந்து, சீருடை கூட மாற்றாமல், குசினியில் நின்றபடி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நானோ மாமி? நான் அப்பிடியோ சொன்னனான்?" என்றாள். வாயில் கை வைத்தபடி நின்றாள். அவளுக்கு மெய்யாகவே தெரியாது. நான் பதில் சொல்வதற்குள், "விருப்பமெண்டால் போங்கோ மாமி, நான் மறிக்கேல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. 'சாப்பிடுங்கோ', 'படுங்கோ', 'மருந்து எடுத்தனீங்களோ'. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. துறைமுகத்தில் படகை விற்பனைக்குப் போட்டிருக்கிறாள். டெனிஸ்டன் இரண்டு பக்கமும் பார்த்து நடக்கிறான். 

ஆகவே நீர் கேட்ட கேள்விக்கு இப்போது முழுப் பதில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதியிருப்பேன். அது என்னோடு மட்டும் கொஞ்சக் காலம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பேமார்னில் அன்று காலையில் காற்றுப் பலம், மதியத்துக்குப் பிறகுதான் தணிந்தது. கரை தெரியாத தூரம் என்று சொல்லமாட்டேன். தீவு ஒரு மஞ்சள் கோடு மாதிரித் தெரிந்தது. டெனிஸ்டன் துறைமுகத்தைத் தாண்டும் முன்னரே குமட்டி, ஒரு வாளியோடு அடித்தட்டில் படுத்துவிட்டான்.

"பேசாலையாற்ர மகன் வாளிக்குள்ள தலை" என்றாள் சயந்தினி.

"அம்மா, இவவைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கோ" என்றான் வாளிக்குள்ளிருந்து.

"அவள் படகு ஓட்டுகிறாள். நீ பேசாமல் படு" என்றேன்.

நான் பலகையைக் கெட்டியாகப் பிடித்திருந்ததைக் கண்டு, "பயமோ மாமி?" என்று கேட்டாள். "பயமில்லை. எங்கே பிடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும்" என்றேன். "ஒண்டையும் பிடிக்காதேங்கோ. படகோட சேந்து ஆடுங்கோ, பூசையில பாட்டுக்கு ஆடுறமாதிரி." பூசையில் நான் ஆடுவதில்லை என்று சொன்னேன். அவள் சிரித்தாள். முதலில் அவளுடைய தடியில் ஒரு முரல் வந்தது, தண்ணீருக்கு மேலே துள்ளித் துள்ளி, ஒரு வெள்ளி ஊசி மாதிரி. பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. நாங்கள் தேநீர் குடித்தோம். சும்மா இருப்பதற்கு இவ்வளவு தூரம் வருவாரா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருப்பதற்குத்தான் வந்திருப்பார் என்றும் நினைத்தேன். நான் வீட்டில் ஒருவரையும் சும்மா இருக்க விடுவதில்லை.

அப்போது எனக்குப் பக்கத்தில் இருந்த தடி வில்லாக வளைந்தது. றீல் கிரீச்சிட்டது. சயந்தினி இயந்திரத்தைத் தணித்துவிட்டு, "மாமி, உங்கட! எடுங்கோ!" என்றாள். "இஞ்சேருங்கோ, வாளியை விட்டிட்டுப் படம் எடுங்கோ!" என்று அவனுக்கும் ஒரு சத்தம். நான் தடியை எடுத்தேன். பிறேமா, அந்த இழுவையை எழுத எனக்குச் சொல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று என் கையைப் பிடித்துக்கொண்டு போகப் பார்த்தது. விட்டுவிடலாம் என்றுதான் எண்ணினேன். கை நழுவத் தொடங்கிய அந்த நேரம், பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"பிடியடி மாமி!"

சொன்னவள் சயந்தினி. சொல் அவளுடையது அல்ல. அந்த நீட்டும், 'டி'யில் விழுகிற அடியும், அதே அவசரமும் உம்முடைய அண்ணருடையவை. அவள் பேசுகிற தமிழ் வல்வெட்டித்துறைத் தாயிடம் படித்தது, ஜேர்மன் கலந்தது. கடல் தமிழ் மட்டும் அவளுக்கு உம்முடைய அண்ணரிடமிருந்து வந்தது. மீன் மாட்டினால் அவர் அவளைப் பார்த்து, "பிடியடி பிள்ளை, விட்டிடாதை, தடியைத் தூக்கடி" என்றுதான் கத்துவாராம். டெனிஸ்டன் பிறகு சொன்னான். படகில் அது திருப்பு, நிறுத்து என்பதுபோல ஒரு கட்டளை என்று அந்தப் பிள்ளை எண்ணியிருக்கிறாள். அதில் ஒரு 'அடி' இருப்பதே அவளுக்குத் தெரியாது.

நீர் எழுதியது சரி. அவர் என்னை அப்படிச் சொன்னதில்லை. கலியாணம் முடிந்த கிழமையில் ஒருமுறை வாயெடுத்தார். எனக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு சாகும்வரை 'இஞ்சாரும்'தான். அதைப் பிழை என்று நான் எழுதவில்லை. நான் கேட்டது நியாயம், அவர் அதைக் காத்தார், அவ்வளவுதான். ஆனால் அன்று, அவருடைய பலகையில் இருந்து, அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் எனக்குச் சொல்லாத அந்தச் சொல்லை அவர் குரலிலேயே கேட்டேன். கை இறுகியது. தடியைத் தூக்கினேன். சட்டை வெடித்து ஊதியபோதும் விடவில்லை.

மற்றவர் பேச்சைத் திருத்துவதே வேலையாக இருக்கிற நான் அன்று திருத்தவில்லை. அவள் இன்னும் இரண்டு தரம் சொன்னாள். இன்னும் சொல்லட்டும் என்று மீனை வேண்டுமென்றே கொஞ்சம் ஓடவிட்டேன். உப்புத் தண்ணீர் பற்றி எழுதியது பொய். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

இது அவமரியாதையா என்று இனி நீர் சொல்லும். நான் நன்றியாகவே வைத்திருக்கிறேன். அவர் தம் குரலை எங்கே விட்டுப் போனார் என்று ஒரு வருடம் தெரியாமல் இருந்தது. என் வீட்டிலேயே, ட்ராம் ஓட்டுகிற ஒரு பிள்ளையின் வாயில் இருந்திருக்கிறது.

நத்தாருக்கு நான் வரவில்லை.

பிளோறன்ஸ்


பேசாலை
24 நவம்பர் 2025

அன்பு மச்சாளுக்கு,

உங்கள் கடிதம் வந்து கன நாள். எழுத இருந்து இருந்து எழும்பிவிட்டேன். இங்கே மழை தொடங்கிவிட்டது. கிணறு நிரம்பி நிற்கிறது.

வீடியோவைத் திரும்பக் கேட்டேன். இந்தமுறை கண்ணை மூடிக்கொண்டு. நீங்கள் சொன்னது சரி, அது அண்ணைதான்.

ஒன்று எழுதவேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஐயாவும் அண்ணையும் கரைவலை இழுக்கப் போவார்கள். கயிற்றின் கடைசித் தலைப்பை என் கையில் தந்துவிட்டு அண்ணை கத்துவார், "பிடியடி பிறேமா, விட்டிடாதை." அந்தக் கயிற்றை நான் பிடித்தும் ஒன்றுதான், பிடிக்காமல் விட்டாலும் ஒன்றுதான். என்றாலும் நான்தான் வலையைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று நினைப்பேன்.

வீடியோவில் அந்தப் பிள்ளையின் வாயில் அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் உங்களுக்காக வந்தது என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படி எழுத முடியவில்லை. இங்கே என்னை அடி என்று கூப்பிட ஒருவரும் மிச்சம் இல்லை, மச்சாள்.

சயந்தினிப் பிள்ளையிடம் நான் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள். படகை விற்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அண்ணையின் இடம் அதில் இருக்கிறது.

மரியாதை. இந்தமுறை சரியாக எழுதியிருக்கிறேன்.

பிறேமா


பீலெஃபெல்ட்
14 டிசெம்பர் 2025

அன்புள்ள பிறேமா,

சரியாக எழுதியிருக்கிறீர். மற்றப் பிழைகளை நான் பார்க்கவில்லை.

வீடு பெரிது என்று எனக்கு எழுதியபோதெல்லாம், அறையைப் பற்றித்தான் எழுதுகிறீர் என்று எடுத்துக்கொண்டேன். நல்ல பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை.

நான் பேசாலைக்குக் குடிவர மாட்டேன். ஆனால் பெப்ரவரியில் வந்து, வெள்ளையடித்த அறையில் தங்கி, உம்மோடு தவக்காலம் தொடங்கிவிட்டுத் திரும்புவேன். மே மாதத்துக்கு முன் இங்கே நிற்க வேண்டும், எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நம்புகிறேன். அது நிச்சயமாக வேண்டுமென்றால் இன்னொரு கடிதம் எழுத வேண்டும். அது உமக்கு அல்ல.

என் ஆயுளில் எழுதாத ஒன்றை உமக்காக ஒருமுறை எழுதுகிறேன். பழக வேண்டாம்.

முழங்காலைப் பார்த்துக்கொண்டு சுகமாய் இரடி, பிறேமா.

பிளோறன்ஸ்


வீட்டில், மேல்மாடி
14 டிசெம்பர் 2025

அன்புள்ள சயந்தினி,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன் என்று டெனிஸ்டன் சிரிப்பான். சிரிக்கட்டும். குசினியில் நீயும் நானும் வாய் திறந்தால் 'மருந்து எடுத்தனீங்களோ'வுக்கு அப்பால் போகமுடியாமல் இருக்கிறது. உனக்கு இருமல் இன்னும் விடவில்லை என்று சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. கொத்தமல்லி அவித்து வைத்திருக்கிறேன், குடி.

இதுவரை உன்னை 'நீர்' என்றுதான் சொன்னேன். படகில் நீ என்னோடு பேசிய இடத்திலிருந்து திரும்பி மேலே ஏற எனக்கு விருப்பம் இல்லை, அதனால் இதில் 'நீ' என்று எழுதுகிறேன்.

நீ அப்படிச் சொன்னாயா என்று கேட்டாய். ஓம், சொன்னாய். மூன்று தரம். முதல் தரமே நான் உன்னைத் தடுத்திருக்கலாம். தடுக்காததற்குக் காரணத்தைப் பிறேமா மாமிக்கு எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதத்தின் பிரதி இதோடு இருக்கிறது. நீளமானது, ஆறுதலாகக் கூட்டி வாசி. விளங்காத சொல்லுக்குக் கீழே கோடு போடு, நான் சொல்லித் தருகிறேன். நீ மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அதில் ஒன்றும் இல்லை. நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டிய இடங்கள்தான் இருக்கின்றன. மழைச்சட்டையின் கையை மடித்துவிட்டதற்கு. அவருடைய பலகையில் என்னை இருத்தியதற்கு. ஏன் வருகிறீர்கள் என்று கேட்காததற்கு. அவர் உனக்குப் பழக்கிய சொல்லை, விடுபடப் பார்த்த என் கையைப் பார்த்து, சரியான நேரத்தில் சொன்னதற்கு.

பிறேமா மாமியும் உன்னைக் கேட்டதாக எழுதியிருக்கிறா. அவவோடு கோபம் வைக்காதே. அந்தச் சொல்லில் அவவுக்கும் பங்கு இருக்கிறது.

நான் இந்த வீட்டை விட்டுப் போவதாக ஒருநாளும் சொல்லவில்லை. பெப்ரவரியில் பேசாலைக்குப் போய்த் திரும்பி வருவேன், நீ வேண்டாம் என்று சொன்னால் தவிர. படகை விற்காதே. மே மாதம் அந்தப் பயிர் பூத்ததும் நாம் போகலாம். டெனிஸ்டனைக் கரையில் விட்டுவிடலாம். அனுமதிக்கு என் பெயரில் மறுபடியும் விண்ணப்பிக்கிறேன். மீன் மாட்டினால் நீ வழக்கம்போல் கத்த வேண்டும். மரியாதையாகக் கத்தினால் எனக்குக் கை இறுகாது.

நான் இங்கே இருக்கலாமா, படகு நிற்குமா என்ற இரண்டுக்கும் உன் பதிலைத் தமிழில், உன் கையால் எழுதித் தேநீர்ப் பேணிக்குக் கீழே வைக்கவும். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தமாட்டேன்.

மாமி
பிளோறன்ஸ்